பேட்டை நிலத்தில் பொதுத் தோட்டம்

(வண்டிப்பேட்டை மக்கள் கூட்டத்தில் கட்சியின் நகரக் கமிட்டி சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)



இன்றைய கூட்டம் எதற்கு என்று நோட்டீஸில் பார்த்திருப்பீர்கள். பழைய வண்டிப்பேட்டை நிலத்தில் நம் நாட்டு மரமும் செடியும் வைத்து ஒரு பொதுத் தோட்டம் உண்டாக்குவது பற்றிப் பேசக் கூடியிருக்கிறோம். நோட்டீஸைப் படித்துவிட்டு டீக்கடையில் ஒரு நண்பர் எங்களைக் கேட்டார்: "என்ன தோழர், விலைவாசி, ரேஷன், மனைப்பட்டா எல்லாம் தீர்ந்துபோச்சா? பூச்செடிக்கு வந்துட்டீங்களே!" என்று. தீரவில்லை. அவற்றை நாங்கள் விடப்போவதும் இல்லை. ஆனால் பேட்டை நிலம் ஒரு ஏக்கர் 20 சென்ட். ஊர் நடுவில் இவ்வளவு பெரிய பொது இடம் நமக்கு வேறு கிடையாது. அதில் என்ன முளைக்க வேண்டும் என்பதை நாம் கூடிப் பேசித் தீர்மானிக்காவிட்டால், வேறு சிலர் பேசி முடித்துவிடுவார்கள். பேச ஆரம்பித்தும் விட்டார்கள்.

இளைஞர்களுக்காகக் கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டியிருக்கிறது. வாரச் சந்தைக்கு வரும் மாட்டு வண்டிகள் அவிழ்த்துப் போட்ட இடம் இது. சுற்று வட்டாரக் கிராமங்களிலிருந்து நெல்லும் கடலையும் வைக்கோலும் பானை சட்டியும் ஏற்றிக்கொண்டு முதல் நாள் ராத்திரியே வண்டிகள் வந்து சேரும். மாட்டுக்குத் தண்ணீர்த் தொட்டி இருந்தது. லாடம் அடிக்கிற கொட்டகை இருந்தது. நிழலுக்கு ஆறு புங்க மரங்கள் இருந்தன. மூட்டை இறக்கிய குடும்பங்கள் கிழக்கு ஓரத்தில் குடிசை போட்டுக்கொண்டன. பிறகு வண்டி போய் லாரி வந்தது. சந்தையும் பைபாஸ் பக்கம் போயிற்று. தொட்டி உடைந்தது. ஆறு புங்கில் இரண்டுதான் மிச்சம். குடிசைகள் மட்டும் 11 அப்படியே இருக்கின்றன. மற்ற இடமெல்லாம் என்னவாயிற்று என்று உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. வீடு இடித்த கல்லும் மண்ணும், கோழிக்கடைக் கழிவும், கல்யாண மண்டபத்து எச்சில் இலையும் அங்கேதான் வந்து விழுகின்றன. இவற்றுக்கு மேல் சீமைக் கருவேலம் கவிந்து கிடக்கிறது. வடக்கே ஓடுகிற வாய்க்கால் தூர்ந்து சாக்கடை நின்றுபோய்க் கிடக்கிறது.

இந்த நிலத்தின் மேல் இப்போது இரண்டு யோசனைகள் கிளம்பியிருக்கின்றன. ஒன்று, தரையைச் சிமெண்ட் போட்டு மூடி, கார் நிறுத்தும் இடமாக்கி காண்டிராக்டுக்கு விடுவது. இன்னொன்று, சுற்றுச்சுவர் எழுப்பி, கேட் போட்டு, புல்தரை விரித்து, காலையில் நடப்பதற்குப் பூங்கா அமைப்பது. இரண்டாவது யோசனை கேட்க நன்றாக இருக்கிறது. அதைச் சொல்கிறவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லவுமில்லை. ஆனால் அவர்கள் எழுதிய மனுவை வாங்கிப் படித்தோம். "சுகாதாரக் கேடான குடிசைகளை அகற்றி" என்று மூன்றாவது வரியிலேயே வருகிறது. கோழிக்கடைக் கழிவைக் கொட்டுகிறவன் சுகாதாரக் கேடு இல்லை. அதன் பக்கத்தில் மூக்கைப் பிடித்துக்கொண்டு மூன்று தலைமுறையாகக் குடியிருக்கிறவர்கள்தான் சுகாதாரக் கேடாம்!

இது நம் ஊரில் மட்டும் நடக்கிற சங்கதி அல்ல. சென்னையில் கூவம், அடையாறு கரைகளைச் சீர்படுத்துகிறோம், பசுமையாக்குகிறோம் என்று சொல்லி ஆயிரக்கணக்கான குடும்பங்களைக் கிளப்பி, கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோய்ப் போட்டார்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு இந்த வேலை இன்னும் மும்முரமாயிற்று. வீட்டு வேலைக்கும் கட்டட வேலைக்கும் போய்க்கொண்டிருந்தவர்கள் வேலைக்கு வர பஸ்ஸில் இரண்டு மணி நேரம் செலவழிக்க வேண்டியதாயிற்று. பிள்ளைகள் பள்ளிக்கூடம் மாற்றியதிலும் பாதியில் நிறுத்தியதிலும் எவ்வளவோ நஷ்டம். ஆறு சுத்தமாக வேண்டாமா என்றால், வேண்டும்தான். ஆனால் ஆற்றில் சாக்கடையைத் திறந்துவிட்டவர்கள் கரையில் குடிசை போட்டவர்கள் அல்லவே.

ஆகவே எங்கள் கட்சியின் நிலையை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பேட்டை நிலத்தில் தோட்டம் வேண்டும். 11 குடிசைகளும் இருக்க வேண்டும். அந்தக் குடும்பங்களுக்குக் குழாயும் கழிப்பறையும் மின்விளக்கும் கொடுக்கிற வேலை தோட்டத் திட்டத்தின் முதல் வரியாக இருக்க வேண்டும். இதற்குச் சம்மதிக்கிறவர்கள் யாராக இருந்தாலும், எந்தக் கட்சியாக இருந்தாலும், கட்சியே இல்லாதவர்களானாலும், அவர்களோடு சேர்ந்து மண்வெட்டி பிடிக்க நாங்கள் தயார்.

இனி நிலத்தின் விஷயத்துக்கு வருவோம். "அது புறம்போக்குதானே" என்று அலட்சியமாகச் சொல்கிறோம். அந்த வார்த்தையை வசவாகவே ஆக்கிவிட்டோம். வார்த்தையைப் பிரித்துப் பாருங்கள். வரி வரவுக் கணக்குக்குப் புறமாக விடப்பட்ட நிலம் அது. வெள்ளைக்காரன் சர்க்கார் ஊர் ஊராக நிலத்தை அளந்து தீர்வை போட்டபோது எதிலிருந்து காசு வருமோ அதெல்லாம் ஒரு கணக்கு, எதிலிருந்து வராதோ அது இன்னொரு கணக்கு. ஆனால் அந்த இன்னொரு கணக்கில் என்னென்ன இருந்தன? மேய்ச்சல், மந்தைவெளி, களத்துமேடு, ஏரி, குளம், வாய்க்கால், வண்டிப்பாட்டை, தோப்பு, சுடுகாடு. கிராமத்தில் ஒரு காணி நிலமில்லாதவன் மாடு வளர்த்ததும் ஆடு வளர்த்ததும் விறகு எடுத்ததும் எதை வைத்து? இந்த நிலத்தை வைத்துத்தான். சர்க்கார் கஜானாவுக்குப் பைசா தராத நிலம் ஏழைகளுக்குச் சோறு போட்டது. அதைத்தான் இன்று உபயோகமில்லாத நிலம் என்கிறார்கள்.

2011 ஜனவரி 28-ம் தேதி சுப்ரீம் கோர்ட் ஜக்பால் சிங் என்பவரின் வழக்கில் ஒரு தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. பஞ்சாபில் ஒரு கிராமத்துக் குளத்தைச் சிலர் ஆக்கிரமித்த வழக்கு அது. ஊர்ப் பொது நிலத்தைத் தனியார் வளைத்துக்கொண்டு, பணம் கட்டி முறைப்படுத்திக்கொள்ளலாம் என்பது செல்லாது. எல்லா மாநில சர்க்கார்களும் அப்படிப்பட்ட ஆக்கிரமிப்பை அகற்றத் திட்டம் போட வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். நிலமற்ற தொழிலாளிக்கும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும் சர்க்கார் உத்தரவின்படி குத்தகை கொடுத்திருந்தால் அதற்கு விலக்கு உண்டு என்றும் அதே தீர்ப்பில் இருக்கிறது. அதிகாரிகள் முதல் பாதியை மட்டும் வாசித்துக் காட்டுவார்கள். நாம் இரண்டு பாதியையும் கையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வாய்க்கால் புறம்போக்கு வேறு, பேட்டை நிலம் வேறு என்பதையும் கவனியுங்கள். நீர்நிலைப் புறம்போக்கில் குடியிருப்பவருக்குப் பட்டா வாங்குவது மிகக் கடினம். ஆகவே குடிசைகள் எந்த சர்வே நம்பரில் நிற்கின்றன என்பது உயிர்நாடியான கேள்வி. 'அ' பதிவேட்டின் நகலும் புலப்படத்தின் நகலும் கேட்டுத் தாலுகா ஆபீஸில் மனு கொடுத்திருக்கிறோம். கொடுக்காமல் இழுத்தடித்தால் 2005-ம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. எல்லைக்கல் எங்கே என்று தெரியாமல் ஒரு செடிகூட நடக் கூடாது. தெற்குப் பக்கத்துக் காம்பவுண்டுச் சுவர் வருஷத்துக்கு வருஷம் நகர்ந்து வருவதை எல்லோரும் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம். சுவருக்குக் கால் முளைத்திருக்கிறது!

எழுத்து ரிக்கார்டுக்கு இவ்வளவு அழுத்தம் ஏன் கொடுக்கிறோம் என்று கேட்பீர்கள். நியூயார்க் நகரத்தில் நடந்ததைக் கேளுங்கள். 1970-களில் அந்த நகரத்தின் ஏழைப் பகுதிகளில் வீட்டுக்காரர்கள் வரி கட்டாமல் கட்டடங்களைக் கைவிட்டுப் போனார்கள். மனைகள் நகராட்சி வசம் வந்து குப்பை மேடாகக் கிடந்தன. 1973-ல் லிஸ் கிறிஸ்டி என்ற பெண்மணியும் அவருடைய நண்பர்களும் அப்படி ஒரு மனையைச் சுத்தம் செய்து தோட்டம் போட்டார்கள். அதைப் பார்த்து நூற்றுக்கணக்கான தோட்டங்கள் உண்டாயின. தோட்டம் வந்ததும் தெரு நன்றாயிற்று. தெரு நன்றானதும் மனைக்கு விலை ஏறிற்று. விலை ஏறியதும் 1999-ல் நகராட்சி என்ன செய்தது? 114 தோட்டங்களை ஏலம் போட முன்வந்தது! மக்கள் தெருவில் இறங்கினார்கள், வழக்குப் போட்டார்கள். கடைசியில் தனியார் தர்ம ஸ்தாபனங்கள் பணம் கொடுத்து அந்தத் தோட்டங்களை வாங்கிக் காப்பாற்றின. பொது நிலத்தைப் பொதுவில் வைத்துக்கொள்ள ரொக்கம் எண்ணிக் கொடுக்க வேண்டியதாயிற்று. நமக்காக அப்படிப் பணம் கட்ட எந்தத் தர்மவான் வருவார்? ஆகவே நமக்கு வேண்டியது முனிசிபல் கவுன்சில் தீர்மானம். இந்த நிலம் பொதுத் தோட்டத்துக்கென ஒதுக்கப்பட்டது, வேறு காரியத்துக்கு மாற்றக் கூடாது, குத்தகைக்கு விடக் கூடாது என்று மினிட் புத்தகத்தில் ஏறியிருக்க வேண்டும்.

பக்கத்து மாநிலமான கேரளத்தில் இதே வேலையை சர்க்காரே முன்நின்று செய்திருக்கிறது. 2019 ஜூன் 5-ல், சுற்றுச்சூழல் தினத்தன்று, அப்போதைய இடது முன்னணி சர்க்கார் 'பச்சைத்துருத்து' என்ற திட்டத்தை ஆரம்பித்தது. மலையாளத்தில் துருத்து என்றால் தீவு. நம் பழந்தமிழிலும் ஆற்றின் நடுவே உள்ள திட்டுக்குத் துருத்தி என்று பெயர் உண்டு. சும்மா கிடக்கும் பொது இடம், ஆபீஸ் வளாகம், பள்ளிக்கூட மூலை எங்கேயானாலும் அரை சென்ட் இருந்தால் போதும். அந்த மண்ணுக்குரிய மரம், செடி, கொடிகளை வைத்துச் சின்னக் காடு உண்டாக்குவதுதான் திட்டம். பஞ்சாயத்து பொறுப்பேற்றது. நூறு நாள் வேலைத் தொழிலாளிகள் கூலிக்கு வேலை செய்தார்கள். இந்தக் கூலி விஷயத்தைப் பிறகு சொல்கிறோம். அரை சென்டுக்கே திட்டம் உண்டென்றால் நம்மிடம் 120 சென்ட் இருக்கிறது.

கியூபாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1991-ல் சோவியத் யூனியன் கலைந்த பிறகு அந்த நாட்டுக்கு எண்ணெயும் ரசாயன உரமும் வருவது குறைந்து, ஜனங்களின் சாப்பாட்டுக்கே ஆபத்து வந்தது. ஹவானா நகரத்து ஜனங்கள் காலி மனைகளில் பாத்தி கட்டி, மட்கு உரம் நிரப்பிக் காய்கறி போட்டார்கள். அங்கே நிலம் பொதுவில் இருந்ததால் அது முடிந்தது.

சென்னைக்கே போய்ப் பாருங்கள். கோட்டூர்புரத்தில் அடையாற்றங்கரையில் குப்பைமேடாகக் கிடந்த இடத்தை 2006 முதல் நிழல் என்ற அமைப்பின் தொண்டர்கள் மரப்பூங்காவாக்கியிருக்கிறார்கள். நம் நாட்டு மரங்களாகவே தேடித் தேடி வைத்திருக்கிறார்கள். அடையாறு முகத்துவாரத்தின் பக்கம் 58 ஏக்கரில் இடிபாடும் குப்பையும் கொட்டிக் கிடந்த இடத்தைச் சர்க்கார் சீர்செய்து 2011-ல் பூங்காவாகத் திறந்தது. இரண்டும் நல்ல காரியங்கள். குப்பைமேட்டில் மரம் வளராது என்று சொல்கிறவர்களுக்கு இவற்றைக் காட்டலாம்.

சரி, எந்தச் செடி? இங்கேதான் நாம் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும்.

நம் நாட்டு மரம், நம் மண்ணின் செடி என்று பேச ஆரம்பித்தால் சில பேருக்கு ஆவேசம் வந்துவிடுகிறது. அந்நியச் செடியை வேரோடு பிடுங்கு என்கிறார்கள். செடிக்கு ஜாதி பார்க்கிற வேலை நமக்கு வேண்டாம். நாம் குழம்பில் போடுகிற மிளகாய் போர்த்துகீசியர் காலத்தில் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. கொய்யா, பப்பாளி, சீத்தா, பிள்ளைகள் கல்லெறிந்து தின்கிற கொடுக்காப்புளி எல்லாம் அங்கிருந்து வந்தவையே. புளியமரமே ஆதியில் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது என்கிறார்கள் தாவர சாஸ்திரிகள். இவை வந்தன, நம்மோடு வாழ்ந்தன, நமக்குச் சோறாயின. யாரையும் கெடுக்கவில்லை.

சீமைக் கருவேலம் அப்படியல்ல. அதுவும் அமெரிக்கக் கண்டத்துச் செடிதான். 1870-களில் விறகுக்காகவும் வறண்ட நிலத்தை மூடுவதற்காகவும் வெள்ளைக்காரன் வனத்துறை கொண்டுவந்தது. ஆடு மாடுகள் நெற்றைத் தின்று சாணத்தில் விதைத்துக்கொண்டே போயின. ஏரிக்குள்ளும் வாய்க்காலுக்குள்ளும் புகுந்து, தன் நிழலில் இன்னொரு செடியை வளரவிடாமல் செய்துவிட்டது. நம் மண்ணிலேயே அதற்குப் பங்காளி முறையில் ஒரு மரம் உண்டு, வன்னி. சாஸ்திரப்படி சீமைக் கருவேலத்துக்கு நம் நாட்டுக் கருவேலத்தைவிட வன்னிதான் நெருங்கிய உறவு. வன்னி எந்த ஏரியையாவது வளைத்துப் போட்டதாகக் கேட்டிருக்கிறோமா? ஆகவே எங்கிருந்து வந்தது என்று பார்ப்பதோடு, வந்த இடத்தில் என்ன செய்கிறது என்றும் பார்க்க வேண்டும். பார்த்தீனியம் களையும் உன்னிச்செடியும் இதே வர்க்கம்.

2017-ல் ஹைகோர்ட் மதுரைக் கிளை சீமைக் கருவேலத்தை அகற்ற உத்தரவு போட்டது. 2022-ல் தமிழ்நாடு சர்க்கார் அந்நிய ஆக்கிரமிப்புத் தாவரங்கள் பற்றி ஒரு கொள்கையும் வெளியிட்டது. பல ஊர்களில் பொக்லைனை விட்டு மேலாக வெட்டினார்கள். மழை பெய்ததும் அடிக்கட்டையிலிருந்து நாலு கிளைக்குப் பதில் பத்துக் கிளை துளிர்த்தது. கழுத்து வேரோடு தோண்டி எடுத்தாலொழிய அது சாகாது. தோண்டிய குழியைச் சும்மா விட்டாலும் மண்ணில் கிடக்கும் விதை முளைக்கும். தோண்டிய இடத்தில் அந்தப் பருவத்திலேயே வேறு செடி வைத்தாக வேண்டும்.

இன்னொரு விஷயம். குடிசைப் பகுதிப் பெரியம்மா ஒருவர் எங்களிடம் கேட்டார்: "ஏம்ப்பா, முள்ளை எல்லாம் வெட்டிட்டா நாங்க அடுப்பெரிக்க எங்கே போறது? சிலிண்டர் விலை என்னன்னு உனக்குத் தெரியாதா?" என்று. நியாயமான கேள்வி. ராமநாதபுரம் ஜில்லாவில் இந்த முள்ளை மூட்டம் போட்டுக் கரியாக்கி வயிறு வளர்க்கிற குடும்பங்கள் எத்தனையோ உண்டு. ஏழைகள் சீமைக் கருவேலத்தை விரும்பி ஏற்கவில்லை. வேறெதுவும் மிச்சமில்லாததால் ஏற்றார்கள். ஆகவே பேட்டையில் முள்ளை ஒரே நாளில் எடுக்கப் போவதில்லை. மூன்று பாகமாகப் பிரித்து மூன்று வருஷத்தில் எடுப்போம். வெட்டுகிற விறகு முழுவதும் 11 வீடுகளுக்கே. ஏலம் கிடையாது.

நடவேண்டிய செடிகளைப் பற்றி ஊர்ப் பெரியவர்களிடமும், ஓய்வு பெற்ற தாவர சாஸ்திர வாத்தியார் ஒருவரிடமும், ஆடு மேய்க்கிற தாத்தாவிடமும் பேசினோம். வாத்தியாரைவிட ஆட்டுக்காரத் தாத்தாதான் அதிகம் சொன்னார் என்பதை இங்கே சொல்ல வேண்டும். வேலிக்கு என்ன செய்யலாம், கம்பி வாங்கக் காசில்லையே என்றோம். "ஆடாதொடை வை. பேரிலேயே இருக்குதே, ஆடு தொடாது" என்று சிரித்தார். நொச்சியையும் ஆடு தொடாது. இரண்டையும் குச்சி வெட்டி நட்டாலே துளிர்க்கும். ஆடாதொடை இருமலுக்கு, நொச்சி ஆவி பிடிக்க. கொங்குச் சீமையில் கிளுவை வேலி பார்த்திருப்பீர்கள். அதுவும் போத்து நட்டு வருவதுதான். இந்த மூன்றையும் கலந்து நட்டால் இரண்டு வருஷத்தில் ஆள் உயர வேலி. சுற்றுச்சுவருக்குப் போடுகிற எஸ்டிமேட்டில் இது நூற்றில் ஒரு பங்குகூட ஆகாது. அதனால்தானோ என்னவோ காண்டிராக்டர் யாரும் இதைச் சிபாரிசு செய்வதில்லை.

நொச்சி என்றதும் கொசு ஞாபகம் வருகிறது. நொச்சி வைத்தால் கொசு ஒழியும் என்று சென்னை மாநகராட்சி ஒரு சமயம் கன்றுகளை விநியோகித்தது. நொச்சி நல்ல செடிதான். ஆனால் சாக்கடை தேங்கி நிற்கிறவரை கொசு நொச்சிக்குப் பயப்படாது. வாய்க்காலைத் தூர்வாராமல் நொச்சிக் கன்றைக் கையில் கொடுத்தால் ஏமாந்துவிடாதீர்கள்.

மரங்களில் புங்கம் முதலில். நிற்கிற இரண்டு புங்குமே சாட்சி, ஒருவர் தண்ணீர் விடாமல் இத்தனை கோடை தாண்டியிருக்கின்றன. வாய்க்கால் ஓரத்துக்கு நீர்மருதும் நாவலும் பூவரசும். பூவரசுக்கு விதைகூட வேண்டாம், போத்து போதும். இலையில் பிள்ளைகள் பீப்பி செய்து ஊதட்டும். மேட்டுப் பக்கம் வேம்பு, வன்னி, இலந்தை, விளா, வெப்பாலை. இலுப்பை இரண்டு மூன்றாவது வேண்டும். நிதானமாக வளரும், நடுகிறவர்களில் வயதானவர்கள் பூப்பார்க்க மாட்டார்கள். ஆனால் யாரோ நட்ட புங்கின் நிழலில்தானே நாம் இன்றைக்கு இந்த மேடையைப் போட்டிருக்கிறோம். எல்லை நெடுகப் பனை. பனைமரத்தை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் பட்ஜெட்டில் அறிவித்தார்கள். ஆகவே எல்லையில் நிற்கும் பனை, நகரும் சுவருக்கு நல்ல காவல்காரன். நடுவே ஆவாரை, எருக்கு, தும்பை. எருக்கு எதற்கு, சீச்சீ என்கிறார்கள். பட்டாம்பூச்சிப் புழுவுக்குத் தின்ன இலை வேண்டாமா? புழு வந்தால் சிட்டு வரும்.

மரங்களை நெருக்கி நட்டுச் சீக்கிரம் காடாக்கும் ஜப்பான் முறை ஒன்று இப்போது பிரபலமாக இருக்கிறது. அகிரா மியாவாக்கி என்ற விஞ்ஞானி கண்ட முறை. சதுர மீட்டருக்கு மூன்று நாலு கன்றுகள் வைப்பார்கள். பல நகராட்சிகள் இதைச் செய்கின்றன. நம் நிலம் 4,856 சதுர மீட்டர். மீட்டருக்கு மூன்று என்றாலும் 14,500 கன்றுக்கு மேல் வேண்டும். முதல் இரண்டு மூன்று வருஷம் விடாமல் தண்ணீர் ஊற்ற வேண்டும். குடிக்கவே வாரம் இரண்டு நாள் குழாய் வருகிற ஊரில் இது நடக்கிற காரியமா? மழை நிறையப் பெய்கிற தேசத்தில் கண்ட முறையை நம் காய்ந்த மண்ணில் அப்படியே வைத்துப் போட்டோ பிடிக்கலாம், காடாக்குவது கஷ்டம். நாம் 150 மரம் வைப்போம். இடைவெளி விட்டு வைப்போம். பிழைக்க வைப்போம்.

அந்த 150-க்கும் கணக்குப் போட்டிருக்கிறோம். கோடையில் ஒரு கன்றுக்கு ஒரு தடவைக்குப் பத்து லிட்டர், வாரம் இரண்டு தடவை. மொத்தம் 3,000 லிட்டர். பிளாஸ்டிக் குடம் 15 லிட்டர் என்றால் வாரம் 200 குடம். இந்த 200 குடத்தை யார் தூக்குவது? நம் ஊரில் குடம் என்றால் பெண்கள் இடுப்பு என்று எல்லோரும் தீர்மானித்து வைத்திருக்கிறோம். மாதர் சங்கத் தோழர் ஒருவர் கமிட்டிக் கூட்டத்தில் நேராகவே சொன்னார்: "தீர்மானம் நிறைவேற்றுவது ஆண்கள், தண்ணீர் தூக்குவது நாங்களா? அப்படியானால் இந்தத் தோட்டம் வேண்டாம்." அதற்குப் பதில் சொல்ல ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஆகவே இப்படி யோசனை வைக்கிறோம். உடைந்த தொட்டியைச் செப்பனிட்டு முனிசிபாலிடி குழாய் இழுத்துக் கொடுக்க வேண்டும். குடிசைகளின் பாத்திரம் கழுவும் தண்ணீரைச் சேம்பும் வெட்டிவேரும் வைத்த பாத்தி வழியாக ஓடவிட்டு மரங்களுக்குத் திருப்ப வேண்டும். குழாய் வருகிறவரை ஞாயிறும் வியாழனும் தண்ணீர் ஊற்றும் முறை ஆண்களுடையது. வாலிபர் சங்கம் இதற்குப் பெயர்ப்பட்டியல் போட்டிருக்கிறது. பெயர் கொடுத்தவர்கள் சித்திரை வெய்யிலிலும் ஆஜராகிறார்களா என்பதைத் தாய்மார்கள் கவனித்துக்கொள்ளட்டும்.

கூலி பற்றிச் சொல்கிறோம் என்றோமே, அது இதுதான். இடிபாட்டை அள்ளுவது, முள் தோண்டுவது, வாய்க்கால் தூர்வாருவது மூன்றும் முனிசிபாலிடியின் வேலை. அதற்கு இயந்திரமும் வேண்டும், கூலி கொடுத்து ஆளும் வேண்டும். சிரமதானம் என்ற பெயரில் அந்த வேலையை ஜனங்கள் தலையில் கட்டக் கூடாது. ஏற்கெனவே ஆள் பற்றாமல் முதுகொடிகிற துப்புரவுத் தொழிலாளிகளைக் கூடுதல் வேலையாக இதற்கு இழுக்கவும் கூடாது. தினசரிப் பராமரிப்புக்கு இரண்டு தோட்டக்காரர் வேலை உண்டாக்க வேண்டும், அது குடிசைக் குடும்பங்களுக்கே தரப்பட வேண்டும் என்று மகஜரில் சேர்த்திருக்கிறோம்.

கீரை போடலாமா என்று நிறையத் தாய்மார்கள் கேட்டார்கள். மணத்தக்காளி, தூதுவளை, முடக்கத்தான், பொன்னாங்கண்ணி, வல்லாரை, பிரண்டை எல்லாம் கடையில் கட்டுக் கட்டாக விலை கொடுத்து வாங்குகிறோம். போடலாம். ஆனால் குப்பை கிடந்த மண்ணில் உடனே போடக் கூடாது. பழைய பாட்டரி, பெயிண்ட், எரித்த வயர் இவற்றின் ஈயம் மண்ணில் தங்கிக் கீரையில் ஏறும், பிள்ளைகளுக்கு ஆகாது. மேற்குப் பாதி முழுக்க மரம்தான். கிழக்கே குடிசைகளை ஒட்டி, கழிவு விழாத பத்து சென்டில், மண்ணைப் பரிசோதனைக்கு அனுப்பிப் பார்த்துவிட்டு, வண்டல் கொண்டுவந்து மேட்டுப் பாத்தி கட்டிக் கீரை போடுவோம். முறை வைத்து வேலை செய்கிற வீடுகளுக்குக் கீரை. பழம் பிள்ளைகளுக்கு. அதற்கு விதி எழுதினாலும் எழுதாவிட்டாலும் பிள்ளைகள்தான் தின்னப் போகிறார்கள்.

பாம்பு வரும் என்ற பயமும் சொன்னார்கள். இப்போது வராமலா இருக்கிறது? கோழிக் கழிவுக்கு எலி, எலிக்குப் பாம்பு. குப்பை போனால் குறையும். அடியோடு வராது என்று நாங்கள் பொய் சொல்ல மாட்டோம். பாதையை அகலமாக வைத்து, பாதையோரம் புதர் வைக்காமல், இரண்டு விளக்குப் போட வேண்டும். டியூஷன் முடித்து அந்த வழியே வருகிற பெண் பிள்ளைகளுக்காகவும் இது அவசியம். ஆட்டுக்காரத் தாத்தாவின் 20 ஆடுகளுக்கு வடமேற்கு மூலையில் அகத்தியும் வேலும் வைத்துக் கொஞ்சம் இடம் விடுவதாக அவரோடு பேசி முடித்திருக்கிறோம். அவரை எதிரியாக்கிக்கொண்டு எந்தச் செடியும் இந்த ஊரில் பிழைக்காது.

நிர்வாகத்துக்கு 15 பேர் கமிட்டி. பாதிக்கு மேல் பெண்கள். குடிசைகளிலிருந்து நாலு பேர். பூங்கா மனு எழுதிய தெருவிலிருந்தும் மூன்று பேரை அழைத்திருக்கிறோம். அவர்களில் இருவர் குடிசைகளை அகற்றும் வரியை எடுத்துவிட்டுக் கையெழுத்துப் போடச் சம்மதித்திருக்கிறார்கள். வந்திருக்கிறார்கள், அதோ உட்கார்ந்திருக்கிறார்கள், சந்தோஷம். தோட்டத்துக்குப் பூட்டும் கேட்டும் கிடையாது. உபயதாரர் பெயர்ப் பலகையும் கிடையாது. கோயில் டியூப் லைட்டில் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு பெயர் நிற்பதைப் பார்த்திருக்கிறோம், அந்தச் சங்கடம் மரத்துக்கு வேண்டாம்.

இனி நடக்க வேண்டியது. மகஜர் வாசகசாலை மேஜையில் இருக்கிறது. எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகவும். வரும் திங்கட்கிழமை கமிஷனரிடம் கொடுக்கிறோம். கவுன்சில் கூட்டத்தன்று குறைந்தது 200 பேராவது வெளியே நிற்க வேண்டும். சர்வேயர் அளக்க வருகிற தேதி தெரிந்ததும் தண்டோரா போடுவோம். அன்றைக்கு வேலைக்குப் போகாமல் கூடச் சில பேர் இருந்து எல்லைக்கல்லைக் கண்ணால் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நடவு ஐப்பசி மழைக்கு. கன்றுகளுக்கு வனத்துறை நாற்றங்காலில் எழுதிக் கேட்டிருக்கிறோம். மிச்சத்தை நாமே போடலாம். இது ஆனி மாதம். வேப்பம் பழமும் நாவற் பழமும் விழுகிற காலம். இவற்றின் கொட்டை இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் முளைப்புத் தாங்காது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் பொறுக்கியதைக் காயப்போட்டு வைக்காமல் அன்றன்றைக்கே வாசகசாலையில் கொண்டுவந்து கொடுத்துவிடட்டும். பால் கவர்களை வீட்டில் கழுவிச் சேர்த்து வையுங்கள், ஓட்டை போட்டு மண் நிரப்பிக்கொள்ளலாம். சனிக்கிழமை சாயந்திரம் ஐந்து மணிக்கு முதல் நாற்றங்கால் வேலை. மண்வெட்டி நாலுதான் இருக்கிறது, வைத்திருப்பவர்கள் எடுத்து வரவும்.